புழுவின் வயது: சாவு விசாரணையில் பூச்சிகளைச் சேகரிப்பதும் கணக்குப் போடுவதும்

இறந்து மூன்று நாளைத் தாண்டிய உடலில் சூடும் இருக்காது, விறைப்பும் இருக்காது. மருத்துவர் வழக்கமாக நேரம் சொல்லப் பயன்படுத்தும் அடையாளங்கள் அதற்குள் ஓய்ந்துவிடும். அதன்பிறகு கணக்குச் சொல்ல மிஞ்சுவது ஈக்களும் அவற்றின் புழுக்களும்தான். 1935-இல் ஸ்காட்லாந்தின் மொஃபட் அருகே ஒரு பள்ளத்தில் கிடைத்த உடல் துண்டுகளில் இருந்த புழுக்களைப் பார்த்து, கிளாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் மியர்ன்ஸ் அவற்றின் வயது 12 முதல் 14 நாள் என்றார். மனைவியையும் பணிப்பெண்ணையும் கொன்ற மருத்துவர் பக் ரக்ஸ்டனின் வழக்கில் மற்றச் சான்றுகளோடு அதுவும் பொருந்தி நின்றது.

தடய அறிவியல் மாணவர்கள், சம்பவ இடத்துக்குப் போகும் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பிணவறையில் பயிற்சியில் இருப்பவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்பட்டது. ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். புழு சொல்வது இறந்த நேரத்தை அல்ல. ஈ வந்து முட்டையிட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதை மட்டுமே அது சொல்லும். இறப்புக்கும் முட்டைக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது விசாரணையில் தெரியவேண்டிய விஷயம்.

என்ன பூச்சி வரும்

நம் ஊர் வெயிலில், வெளியே கிடக்கும் உடலுக்குப் பகல் நேரத்தில் சில நிமிடங்களிலேயே ஈ வந்துவிடும். முதலில் வருவது பெரும்பாலும் கிரைசோமியா மெகாசெஃபலா. பளபளக்கும் நீலப்பச்சை உடல், பெரிய செங்கண். மீன் மார்க்கெட்டிலும் கருவாடு காயும் இடத்திலும் மொய்க்கிற அதே ஈதான். கூடவே லூசிலியா இனப் பச்சை ஈக்களும் வரும். சாம்பல் நிறம், முதுகில் மூன்று கறுப்புக் கோடு, வயிற்றில் சதுரங்கக் கட்டம் போன்ற அமைப்பு இருந்தால் அது சதை ஈ, சார்கோஃபேஜிடே குடும்பம். இது முட்டையிடாது, புழுவையே நேராகப் போடும். இதை மறந்துவிட்டு முட்டை பொரியும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு நாள் கூடிவிடும்.

உடலெங்கும் முள் போன்ற சதை நீட்சிகளோடு ஒரு புழு தெரிந்தால் அது கிரைசோமியா ரூஃபிஃபேசீஸ். மற்ற ஈக்களின் புழுக்களை இது பிடித்துத் தின்னும். முதலில் வந்த இனத்தை முழுக்கத் தின்று தீர்த்துவிட்டால், மிஞ்சியிருக்கும் புழுவை வைத்துப் போடும் கணக்கு குறைத்துத்தான் காட்டும். முள்புழு நிறைய இருக்கும் இடத்தில் இந்தச் சந்தேகத்தைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

சதை காய்ந்த பிறகு வண்டுகளின் முறை. தோலையும் தசைநாரையும் தின்னும் டெர்மெஸ்டிஸ், நீலப் பளபளப்போடு சிவந்த காலுள்ள நெக்ரோபியா, புழுக்களைத் தின்ன வரும் ஹிஸ்டர் வண்டுகள் எல்லாம் வரும். எந்த நாளில் எது வரும் என்று பிரான்ஸில் மெக்னின் 1894-இல் எட்டு அலைகளாகப் பிரித்து வைத்தார். அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துவந்து சித்திரை வெயிலில் கிடந்த உடலுக்குப் பொருத்தக்கூடாது. அங்கே வாரக்கணக்கில் நடப்பது இங்கே நாள்கணக்கில் முடிந்துவிடும்.

பையில் என்ன இருக்கவேண்டும்

மென்மையான இடுக்கி, சிறிய பெயின்ட் பிரஷ், ஈ பிடிக்கும் கைவலை, 30 முதல் 50 மி.லி. திருகுமூடிக் குப்பிகள் இருபது, காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள், கையுறை, முகக்கவசம், கொத்துக்கரண்டி, மண் சலிக்க ஒரு சல்லடை, அளவுகோல், கேமரா, ஐஸ் பெட்டி. ஊசிமுனை வெப்பமானி ஒன்றும், மணிக்கு மணி தானாக வெப்பநிலையைப் பதிவுசெய்யும் கருவி ஒன்றும் கட்டாயம். லேபிளுக்குச் சாதாரணத் தாளும் பென்சிலும் போதும். பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்து, குப்பிக்குள் நீலத் தண்ணீரும் வெற்றுத் தாளும்தான் மிஞ்சும்.

80 சதவீத எத்தனால் வேண்டும். கையில் 95 சதவீதம் இருந்தால் அதில் 84 மி.லி. எடுத்து, காய்ச்சி வடித்த நீர் விட்டு 100 மி.லி. ஆக்குங்கள். ஃபார்மலின் வேண்டாம். புழுவை விறைக்கவைக்கும், டி.என்.ஏ.வையும் கெடுக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் வேறு பொருள்கள் கலந்திருக்கும், அதுவும் வேண்டாம்.

கொதிநீருக்கு ஒரு ஃபிளாஸ்க். கொண்டுபோக மறந்தால் பக்கத்தில் டீக்கடை இருக்கிறதா பாருங்கள். பாய்லர் தண்ணீர் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

சம்பவ இடத்தில்

உடலைத் தொடுவதற்கு முன் வெப்பநிலை. இந்த வேலையில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். குப்பி நிறையப் புழு வந்திருக்கும், ஆனால் அது எந்தச் சூட்டில் வளர்ந்தது என்ற விவரம் ஒரு வரி இருக்காது. எடுக்கவேண்டிய அளவுகள் இவை: உடலுக்கு அருகே தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் நிழலில் காற்றின் வெப்பநிலை, தரைமட்ட வெப்பநிலை, உடலுக்கும் தரைக்கும் இடையே உள்ள வெப்பநிலை, புழுக்கூட்டத்தின் நடுவே உள்ள வெப்பநிலை, 5 செ.மீ., 10 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை. ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிக்கவேண்டும். வெப்பமானியில் வெயில் நேரடியாக விழக்கூடாது. புழுக்கள் மொத்தமாகக் கூடித் தின்னும்போது தாமே சூட்டை உண்டாக்கும். காற்று 30 டிகிரி இருக்கையில் கூட்டத்தின் நடுவில் 40-ஐத் தாண்டியிருப்பது சாதாரணம்.

அடுத்தது படம். தூரத்திலிருந்து ஒன்று, உடல் முழுதும் ஒன்று, புழு இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் அளவுகோலோடு ஒன்று. கண், மூக்கு, வாய், பிறப்புறுப்பு ஆகியவை ஈ இயல்பாகத் தேடும் இடங்கள். முகத்தில் குறைவாகவும் முன்கையிலோ உள்ளங்கையிலோ கும்பலாகவும் இருந்தால் அங்கே காயம் இருந்திருக்கலாம். தடுத்தபோது பட்ட வெட்டாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், முடிவை அவரிடமே விடுங்கள்.

பறக்கும் ஈக்களை வலையில் பிடிப்பது பிறகு. அவை வேறெங்கிருந்தோ வந்தவையாக இருக்கலாம் என்பதால் வயதுக் கணக்குக்கு அவ்வளவாக உதவாது, இனம் அறிய உதவும். முட்டை, ஈரமான ரவையைக் கிள்ளி அப்பியதுபோல் வெள்ளையாக, சற்றே மஞ்சளாக, இமையோரத்திலும் முடிவேரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒன்றரை மி.மீ.க்குள். பிரஷ்ஷை நனைத்து எடுங்கள். பாதியை ஆல்கஹாலில் போடுங்கள், மீதியை நனைத்த டிஷ்யூ தாளில் வையுங்கள். முட்டை காய்ந்தால் செத்துவிடும்.

புழுவில் பெரியதைத்தான் முதலில் தேடவேண்டும். வயதில் மூத்தது எது என்பதுதான் நம் கேள்வி. ஆனாலும் எல்லா அளவிலும் எடுக்கவேண்டும், ஏனென்றால் சின்னதாகத் தெரிவது வேறொரு இனத்தின் மூத்த புழுவாக இருக்கலாம். ஒரு கூட்டத்துக்கு 50 முதல் 100 வரை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி கொன்று பதப்படுத்த, மறுபாதி உயிரோடு வளர்க்க. வாயிலிருந்து எடுத்ததையும் காயத்திலிருந்து எடுத்ததையும் ஒரே குப்பியில் கலக்காதீர்கள்.

இனி எல்லாரும் தவறவிடுவது. தின்று முடித்த புழு உடலைவிட்டு நகர்ந்து மண்ணுக்குள்ளோ பாய்க்கு அடியிலோ போய்க் கூடாகும். மூத்த பூச்சி உடலில் இல்லாமல் இரண்டு மீட்டர் தள்ளி மண்ணில் இருக்கலாம். உடலைச் சுற்றி இரண்டு மீட்டர் வரை, 5 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை எடுத்துச் சலித்துப் பாருங்கள். வீட்டுக்குள் என்றால் கட்டிலின் அடி, சுவரோரம், அரிசி மூட்டைக்குப் பின்புறம், நிலைக்கதவு இடுக்கு எல்லாம் பார்க்கவேண்டும். கூடு அரிசியைவிடச் சற்றுப் பருத்து, பழுப்பாக, இரண்டு முனையும் மழுங்கிய சின்னப் பீப்பாய்போல் இருக்கும். எலிப்புழுக்கை என்று நினைத்துப் பெருக்கித் தள்ளிவிடுவது வழக்கம். உள்ளங்கையில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். குறுக்கே நெருக்கமான வளையக் கோடுகள் தெரிந்தால் அது கூடு. ஒரு முனை மூடி திறந்ததுபோல் பிளந்து உள்ளே வெறுமையாக இருந்தால் ஈ வெளியேறிவிட்டது. அப்படி ஒன்றே ஒன்று கிடைத்தாலும் போதும், ஒரு முழுத் தலைமுறை அங்கே முடிந்திருக்கிறது என்று பொருள். உடலில் இருக்கும் புழுக்களை மட்டும் பார்த்து மூன்று நாள் என்று எழுதியிருந்தால் அந்த அறிக்கை அங்கேயே விழுந்துவிடும்.

எறும்பைக் கவனியுங்கள். முட்டைகளையும் இளம் புழுக்களையும் எறும்பு தூக்கிப்போய் ஆரம்பத்தையே அழித்துவிடும். அதுவும் கரப்பானும் தோலைக் கடித்த தழும்புகள் சிராய்ப்பு போலவும் அமிலம் பட்டது போலவும் தெரியும். சுவரில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தால், அது தெறித்த ரத்தமா, ரத்தம் குடித்த ஈ கக்கியதா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

உடலை எடுத்தபிறகு வெப்பநிலைப் பதிவுக் கருவியை அதே இடத்தில் நிழலில் வைத்துவிட்டு வாருங்கள். குறைந்தது ஐந்து நாள் இருக்கட்டும்.

கொல்வதும் பதப்படுத்துவதும்

உயிரோடு இருக்கும் புழுவை நேராக ஆல்கஹாலில் போட்டால் சுருங்கிக் கறுத்துவிடும். நீளத்தை வைத்துத்தான் வயது பார்க்கிறோம் என்பதால் சுருங்கிய புழு தவறான வயதைச் சொல்லும். ஆகவே முதலில் 80 டிகிரிக்கு மேல் சூடான நீரில் 30 விநாடி. புழு நேராக நீண்டு, வெள்ளையாகி மிதக்கும். அதன்பிறகு 80 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். குப்பியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புழு நிரப்பவேண்டாம். உடல்நீர் வெளிவந்து ஆல்கஹாலை நீர்க்கச் செய்யும் என்பதால் மறுநாள் அதைக் கொட்டிப் புதிதாக நிரப்பவேண்டும். இதைச் செய்யாத குப்பியைப் பத்து நாள் கழித்துத் திறந்தால் வாடையே விஷயத்தைச் சொல்லிவிடும். டி.என்.ஏ.வுக்கு ஐந்தாறு புழுக்களைத் தனியாக 95 சதவீதத்தில் வையுங்கள்.

லேபிள் குப்பிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. குற்ற எண், தேதி, எடுத்த நேரம், உடலில் எந்த இடம், முட்டையா புழுவா கூடா, எடுத்தவர் கையெழுத்து, புழு என்றால் கொன்ற நேரம். கொன்ற நேரம் முக்கியம், புழுவின் கடிகாரம் நின்றது அப்போதுதான்.

உயிரோடு அனுப்புவது

இனம் உறுதியாகத் தெரிய, வளர்த்து ஈயாக்கிப் பார்ப்பதே எளிய வழி. ஐஸ் பெட்டியில் 2 முதல் 6 டிகிரி இருந்தால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். குளிரில் வைத்த நேரமும் எடுத்த நேரமும் கணக்கில் கழிக்கவேண்டியவை, எழுதிவையுங்கள்.

வளர்க்கும் டப்பாவின் அடியில் இரண்டு செ.மீ. மரத்தூள் அல்லது காய்ந்த மணல். மேலே அலுமினியத் தாளில் ஆட்டு ஈரல், புழு ஒன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல். போதாவிட்டால் புழு சீக்கிரமே கூடாகி, ஈ சின்னதாக வரும். வாயை மல்துணியால் கட்டிவிடுங்கள். டப்பாவை ஒரு தட்டுத் தண்ணீரின் நடுவில் வைத்தால் எறும்பு ஏறாது, வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குச் செய்வதுதான். அறையின் வெப்பநிலையை மணிக்கு மணி பதியவேண்டும்.

பிணவறையில்

இங்கே நடக்கும் இழப்புதான் மிகப் பெரியது. புழு அப்பிய உடல் வந்ததும் பினாயில் ஊற்றுவதும் குழாயடியில் கழுவுவதும் முதல் வேலையாகிவிடும். நாற்றம் தாளாமல் செய்வது, குற்றம் சொல்லமுடியாது. ஆனால் அதற்கு முன் பத்து நிமிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆடையின் மடிப்பு, உடலைச் சுற்றிவந்த துணி, ஸ்ட்ரெச்சர் ஆகியவற்றையும் பாருங்கள். ஜன்னல் திறந்த பிணவறை என்றால் அங்கேயே ஈ முட்டையிட்டிருக்கலாம். சம்பவ இடத்தில் எடுத்த படத்தில் இல்லாத முட்டைகள் பிணவறையில் தோன்றினால் தனிக் குப்பியில் போட்டு அதைக் குறிப்பிடவேண்டும். குளிர்பெட்டியில் வைத்ததாலேயே வளர்ச்சி நின்றது என்று நம்பிவிடாதீர்கள். பெரிய கூட்டம் தன் சூட்டிலேயே சில மணி நேரம் வளர்ந்துகொண்டிருக்கும்.

பூச்சிமருந்து குடித்த சந்தேகம் இருந்தால் புழுவில் நச்சுப் பரிசோதனை கேட்கலாம். ரத்தமும் ஈரலும் கிடைக்காத அளவுக்கு அழுகியபோதுகூடப் புழுவில் நச்சு கிடைக்கலாம். ஹவாயில் மாலத்தியான் குடித்து இறந்த ஒருவரின் உடலில் இருந்த கிரைசோமியா புழுக்களில் அந்த மருந்து கண்டறியப்பட்டது 1989-இல் வெளியானது. இதற்கு 20, 30 புழுக்களைக் கழுவி, ஆல்கஹால் எதுவும் சேர்க்காமல் உறையவைத்துத் தனியாக அனுப்புங்கள். இத்தகைய மருந்து ஈ வருவதையே தாமதப்படுத்தலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

புழுவின் பருவமும் வயதும்

புழு இரண்டு முறை தோலுரித்து மூன்று பருவங்களாக வளரும். எந்தப் பருவம் என்று அறிய, நுண்ணோக்கியில் புழுவின் பின்முனையைப் பாருங்கள். அங்கே இரண்டு மூச்சுத்துளைத் தட்டுகள் இருக்கும். தட்டுக்கு இரண்டு பிளவு என்றால் இரண்டாம் பருவம், மூன்று என்றால் மூன்றாம் பருவம். முதல் பருவத்தில் பிளவு தெளிவாகப் பிரிந்திருக்காது, புழுவும் இரண்டு மி.மீ. அளவுதான். தட்டைச் சுற்றிய வளையம் முழுதாக மூடியிருந்தால் லூசிலியா, திறந்திருந்தால் கிரைசோமியா. தட்டுகள் ஆழமான குழிக்குள் ஒளிந்திருந்தால் சதை ஈ.

வயதுக்கு 'டிகிரி மணி' கணக்கு. ஓர் இனம் வளர்வதற்கு ஒரு அடி வெப்பநிலை உண்டு, அதற்குக் கீழே வளர்ச்சி இல்லை. அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு டிகிரியையும் மணி நேரத்தால் பெருக்கிச் சேர்க்கிறோம். கணக்கு புரிவதற்காக எண்களை வைத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் 28 டிகிரியில் ஓர் இனம் மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தை 60 மணியில் அடைகிறது, அடி வெப்பநிலை 10. அப்படியானால் 18-ஐ 60-ஆல் பெருக்கினால் 1080 டிகிரி மணி. சீமைக்கருவேலங்காட்டில் வியாழன் காலை 10 மணிக்கு உடலிலிருந்து அந்தப் பருவப் புழு கிடைக்கிறது. அந்த நாள்களின் சராசரி 30 டிகிரி, ஆகவே மணிக்கு 20. 1080-ஐ 20-ஆல் வகுத்தால் 54 மணி. பின்னோக்கிப் போனால் செவ்வாய் அதிகாலை 4 மணி.

அதிகாலை 4 மணி என்று எழுதிவிடாதீர்கள். இருட்டில் ஈ பெரும்பாலும் முட்டையிடாது. ஆகவே திங்கள் மாலை இருட்டுவதற்கு முன்போ, செவ்வாய் விடிந்த பிறகோ என்று இரண்டு வாய்ப்பு. எது என்பதை இரவு மழை பெய்ததா, கடைசியாக யார் உயிரோடு பார்த்தார்கள் என்பவற்றோடு சேர்த்துத்தான் விசாரணை அதிகாரி பார்க்கமுடியும்.

இன்னொரு பொறி இருக்கிறது. அடி வெப்பநிலையை ஓர் ஆய்வு 10 என்றும் மற்றோர் ஆய்வு 12 என்றும் சொல்லும். மேலே உள்ள கணக்கில் 12 போட்டால் 960 டிகிரி மணி, வகுத்தால் 53 மணி சொச்சம். வித்தியாசம் ஒரு மணிகூட இல்லை. இதே புழு 16 டிகிரி சராசரியுள்ள மலைப்பகுதியில் கிடைத்திருந்தால்? 10-ஐப் போட்டால் 180 மணி, 12-ஐப் போட்டால் 240 மணி. ஏழரை நாளா, பத்து நாளா! சமவெளி வெயிலில் தெரியாத பிழை குளிரில் இப்படி விரிந்துவிடும். நம் பகுதி ஈக்களை வளர்த்து எடுத்த அட்டவணை கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். சம்பவ இட வெப்பநிலைக்கு அருகில் சோதித்த அட்டவணையாகவும் அது இருக்கட்டும்.

சராசரி 30 டிகிரி என்று எப்படித் தெரியும்? அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவு. நிலையம் மீனம்பாக்கத்தில் இருக்கும், உடலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைபோட்ட பூட்டிய அறையில் கிடந்திருக்கும். நீங்கள் வைத்துவந்த கருவியின் ஐந்து நாள் பதிவை அதே நாள்களின் நிலையப் பதிவோடு மணிக்கு மணி ஒப்பிட்டால் அறை எவ்வளவு கூடுதல் சூடு என்று தெரியும். அந்த வித்தியாசத்தை முந்தைய நாள்களுக்குச் சேர்க்கலாம். புழுக்கூட்டத்தின் சூடு மூன்றாம் பருவத்தில்தான் பெரிதாகக் குறுக்கிடும். 35 டிகிரிக்கு மேல் பெருக்கல் கணக்கை நம்பாதீர்கள், அங்கே வளர்ச்சி சூட்டோடு நேராக ஏறாது.

முட்டை தாமதமாக வருவதற்குக் காரணங்கள் பல: இரவு, தொடர்மழை, பூட்டிய அறை, பாலித்தீன் அல்லது கம்பளியில் சுற்றியது, தண்ணீர், புதைத்தது. எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. ஆறாத புண்ணோடு கவனிப்பாரற்றுக் கிடந்த முதியவருக்கு உயிரோடு இருக்கும்போதே புழு வைத்திருக்கலாம். அப்போது புழுவின் வயது இறப்பைவிட அதிகமாக வரும். புண்ணில் மூத்த புழு, முகத்தில் இளம் புழு என்று இருந்தால் அந்தத் திசையில் யோசியுங்கள். கவனிப்பு எப்போது நின்றது என்பதே வழக்கில் முக்கியமாகிவிடலாம்.

காகிதமும் நீதிமன்றமும்

2024 ஜூலை 1 முதல் சந்தேக மரண விசாரணை பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194-ஆம் பிரிவில் நடக்கிறது, பழைய சி.ஆர்.பி.சி. 174. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்பது 176(3). நிபுணர் கருத்து சாட்சியமாவது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 39-ஆம் பிரிவில். மகஜரில் 'சில புழுக்கள் கைப்பற்றப்பட்டன' என்று எழுதாமல் குப்பி எண், எந்த இடத்தில் எடுத்தது, உயிருள்ளதா பதப்படுத்தியதா, எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். உயிருள்ள மாதிரி அரக்கு முத்திரையோடு மேஜையில் காத்திருக்க முடியாது. ஆய்வகத்துக்கான கடிதத்தை அன்றே வாங்க எஸ்.ஐ.யிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அறிக்கையில் 'இறந்த நேரம்' என்ற சொல்லே வரக்கூடாது. 'இந்த உடலில் முட்டையிடத் தொடங்கியது திங்கள் மாலைக்கும் செவ்வாய் காலைக்கும் இடையில், இறப்பு அதற்கு முன்பே நிகழ்ந்திருக்கவேண்டும்' என்ற மாதிரி எழுதுங்கள். எந்த அட்டவணை, எந்த அடி வெப்பநிலை, எந்த நிலையத்தின் பதிவு, என்ன அனுமானம் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். குறுக்கு விசாரணையில் கேட்பது பெரும்பாலும் பூச்சியைப் பற்றி இருக்காது. குப்பியில் போட்டது யார், இரவு எங்கே இருந்தது, வெப்பமானியைக் கடைசியாகச் சரிபார்த்தது எப்போது என்றுதான் இருக்கும்.

மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் போகும். எதிர்த்தரப்பு நிபுணர் அதே புழுவை மறுபடி அளக்கக் கேட்கலாம். மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆல்கஹால் ஆவியாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குப்பியின் மட்டத்தைப் பார்த்து நிரப்பி, நிரப்பிய தேதியைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.